இடம் பிடித்தல்

மூன்று மணிக்கு நான் போனபோதே
கல்முனை ஷெட்டிலிருந்து வரிசை
பாண்டிருப்பு எல்லையைத் தொட்டிருந்தது.
எண்பத்தேழாவது ஆள் என்று
சீஆர் கொப்பியொன்றில் பேரெழுதினார்கள்.
தெருவிளக்குகளை அணைத்துப் பல வாரம்.
வானத்துக்கு அதனால் நட்டமில்லை.

தோள்பையில் பைனாகுலர்.
இடதுகண் வில்லையில் பூஞ்சணம்,
வலது கண்ணால்தான் பார்க்க வேண்டும்.
மருதமுனையில் ஐயாயிரத்துக்கு வாங்கியது;
வீட்டில் சொன்ன கணக்கு மூவாயிரம்.

உச்சிக்குச் சற்றே தெற்கே சனி.
"அதை ஏன்டா காட்டுற இந்தச் சாமத்தில"
என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்
பேக்கரி நவரெத்தினம்.
வியாழனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.
பக்கத்தில் மூன்று பொட்டு,
நாலாவதும் இருக்கும், இப்ப தெரியாது என்றேன்.
"நாலும் அதுக்குப் பிறந்ததா?"
சுற்றுகிறவை என்றேன்.
"ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

சாந்தரூபன் செவ்வாயைக் கேட்டான்.
அவன் தங்கச்சியின் குறிப்பில் ஏழில் நின்று
மூன்று சம்பந்தம் குழப்பிய செவ்வாய்.
நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.
மறுகா, மெல்ல,
"இவ்வளவு சின்னனா இது."

சுபஹுக்குப் பாங்கு சொன்னது.
வரிசையில் பாதி எழுந்து பள்ளிக்குப் போனது.
கேனோடு வந்தவர்கள்
தங்கள் இடத்தில் செங்கல் வைத்தார்கள்,
ஹெல்மட், ஒற்றைச் செருப்பு.
வெறும் கேனின் கழுத்தில்
பேரெழுதிக் கட்டியிருந்தார் ஒருவர்: ஆதம்லெவ்வை.

எனக்குப் புதன் வேண்டியிருந்தது.
பத்து வருடமாய் ஒருதரமும் அகப்படாதது.
கூரைகளைத் தாண்டி அது ஏறுவதற்குள்
கிழக்கு வெளுத்துவிடும்.
கடல் விளிம்பில்தான் பிடிக்கலாம்,
அதுவும் அரைமணித்தியாலம்.
பைக்கை நவரெத்தினத்திடம் ஒப்படைத்துக்
கடற்கரை வீதியால் நடந்தேன்,
பாதியில் ஓடினேன்.

கரைவலைக்காரர் தோணி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.
வெள்ளி ஏற்கெனவே வந்து நின்றது,
வாடித் தகரத்தில் அதன் ஒளி விழுகிறதோ என்று
சந்தேகம் வருமளவுக்கு.
நீட்டிய கையின் ஒரு முட்டியளவு கீழே,
கடலின் புகாருக்குள்,
கடுகு.
நடுங்கிற கடுகு.

தோணியோடு நின்ற ஒருத்தன்
நான் பார்த்த பக்கம் பார்த்து
"என்ன, கப்பலா?" என்றான்.
ஓம் என்றேன்.

பிறகுதான் அண்ணாந்தேன்.
புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி.
சூரியனிடமிருந்து எண்ணுகிற அதே ஒழுங்கு,
இடையில் யாரும் புகவில்லை.
வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே
பூமி நிற்கவேண்டிய இடத்தில்
தேய்ந்த நிலா, ஒரு கீற்று.
யாரோ வைத்துவிட்டுப் போன
ஒற்றைச் செருப்பு.

காலுக்குக் கீழே மணல் ஈரமாயிருந்தது.
இங்கேதான் நிற்கிறோம் என்று
யாருக்கோ சொல்லவேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்தால் பைக்கைக் காணவில்லை.
நெஞ்சு அடைத்தது.
சலித்துப்போய்ச் சிலர் வீடு திரும்ப
வரிசை நகர்ந்திருக்கிறது;
பதினொரு இடம் முன்னால்
முன்பின் தெரியாத ஒருவர்
அதன் சீற்றில் கை ஊன்றி நின்றார்.
"உருட்டி வந்தம். லொக் போடாமப் போனது நல்லதாப் போச்சு."

புதன் கண்டேன் என்றேன் நவரெத்தினத்திடம்.
"இண்டைக்கு வெள்ளிக்கிழமையடா" என்றார்
கண் திறக்காமல்.

கொப்பி கைமாறி வந்தது.
எண்பத்தேழுக்கு நேரே
லீற்றர் எழுத விட்டிருந்த கட்டத்தில்
எழுதினேன்:
5.04. தெரிந்தது.