நாலு மில்லிமீட்டர்

கீழிமைக்குள் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி
ஐந்து நிமிடம் மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர் பார்கவா.
நவம்பர். லஜ்பத் நகர்.
ஜன்னலுக்கு வெளியே பகல் பதினொரு மணி
பீடிப் புகையின் நிறத்தில்.

எடுத்துப் பார்த்தால்
நாலு மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது.
பத்தாவது வேண்டும் என்றார்,
பரீட்சைத் தாளைத் திருப்பித் தருகிற குரலில்.

உன் கண்ணில் ஈரமே கிடையாது என்று
கதவைச் சாத்திக்கொண்டு போன சேந்தனுக்கு
நாலு மில்லிமீட்டர் இருக்கிறதாம் என
வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பலாமா?
அனுப்பவில்லை.

ஆனால் டாக்டர், ஓயாமல் வழிகிறதே.
மெட்ரோவில் எதிர் சீட்டு அம்மாள்
யார் போனது என்று கேட்காத குறையாகக்
கைக்குட்டை நீட்டுகிறாளே.

வறண்ட கண்தான் வழியும், என்றார்.
வழிவது வெறும் தண்ணீர்.
தங்குவதற்கு எண்ணெய் வேண்டும்.

சொட்டு மருந்தின் அட்டையை ராத்திரி படித்தேன்.
பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் என்னவோ,
தேடினால்
விளக்கெண்ணெய்.
ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்து
அதை ஊற்றிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறேன்,
யாருடைய வெள்ளணுவும்
கணக்கில் தப்பிவிடாதபடி.

மூக்குக்கண்ணாடி போடேன் என்கிறார்கள்.
மைக்ராஸ்கோப்பில் குனிந்தால்
கழுவுகிற தொட்டியில் டம்ளர்கள் மாதிரி
ணங்கென்று இடிக்கும்.
ஒரு நாளைக்கு நூறு ஸ்லைடு.

பதினாலு வருஷம் போட்ட லென்ஸ் இனி வராதாம்,
கம்பெனி நிறுத்திவிட்டது.
கடைக்காரர் ஹர்மீத் இழவு சொல்வதுபோலச் சொல்லிவிட்டு
போர்க்கொடி ஜி, வேறு பார்க்கலாம் என்றார்.
பொற்கொடி என்று திருத்துவதை
இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டேன்.

முதல் ஜோடி
காலையில் நுங்கு, மூன்று மணிக்கு அப்பளம்.

அடுத்தது இறுகப் பிடித்துக்கொண்டது.
வாடகை பாக்கி வைத்த குடித்தனம்போலக்
கிளம்பவே மாட்டேன் என்றது.

மூன்றாவது மிதந்தது.
இமைக்கும்போதெல்லாம் ஓரத்துக்குப் போய்
வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியது.
அதற்குள் ஒரே அணுவை இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.
யாரோ ஒருவருக்கு ஒன்று கூடுதல்.
அழித்து, முதலிலிருந்து.

போதாததற்கு
இடக்கண்ணுக்குப் பவர் ஏழரை.
அந்த நம்பர் சுலபத்தில் கிடைக்காது என்கிறார் ஹர்மீத்.
ஏழரையைக் கடை கடையாகத் தேடி
காசு கொடுத்து வாங்குகிறவள்
டில்லியிலேயே நான் ஒருத்திதான்.

நாலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
தினம் ஒரு ஜோடி, ராத்திரியானால் குப்பை.
விலையை அண்ணனிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.
போட்ட அன்று எதுவும் நடக்கவில்லை.
நூற்று மூன்று ஸ்லைடு.
பஸ்ஸில் யாரும் கைக்குட்டை நீட்டவில்லை.
உப்புமா கிண்டினேன், கரண்டு போய் வந்தது.

பதினொன்றரைக்குக் குளியலறையில்
கழற்றலாம் என்று கிள்ளினேன்.
விரலில் ஒன்றும் வரவில்லை.
மறுபடி கிள்ளினேன்.
சுருக்கென்றது, வரவில்லை.

எங்கே விழுந்ததோ,
பஸ்ஸிலா, உப்புமாவிலா?
மண்டியிட்டுத் தரையைத் தடவித் தேடினேன்.
மொசைக்கில் பச்சைப் புள்ளி, கறுப்புப் புள்ளி,
பக்கெட்டின் அடியில் என் முடி ஒன்று,
அதன் வெள்ளை நுனி,
அதைச் சுற்றிப் போகிற எறும்பு,
எறும்பின் மீசை.