நான்கு விரல்

எண்சாண் உடம்புக்கு ஒரு சாண் வயிறு.
அந்த ஒரு சாணுக்காகத்தான்
எல்லாரும் இந்த ஊருக்கு விமானம் ஏறினோம்.
நான் மட்டும்
வந்த இடத்தில் முக்கால் சாணை
வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

மீதி நான்கு விரல்.
டாக்டர் ஹைதம் கட்டைவிரலை மடக்கி
தன் கையையே அளவாகக் காட்டினார்.
பாதிப் பணம் இன்சூரன்ஸ்,
பாதி இன்பராஜின் கிரெடிட் கார்டு.

அதற்கு முன் நூற்றுப் பதினெட்டு கிலோ.
ஷார்ஜா அல் நஹ்தாவில் ஒன்பதாவது மாடி,
ராத்திரி இரண்டு மணி,
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி
குபூஸைச் சுருட்டி ஜாம் தொட்டு,
ஜாம் தீர்ந்தால் சர்க்கரை தொட்டு,
சத்தம் வராமல் மெல்லத் தெரிந்தவள் நான்.
பிஸ்கட் பாக்கெட்டுகள்
பொன்னி அரிசி மூட்டைக்குப் பின்னால்.
அந்த மூட்டையை நகர்த்துகிற ஆள்
வீட்டில் நான் ஒருத்திதான்.

இப்போது அறுபத்தேழு.
லிஃப்டில் யாரும் ஒதுங்கிக்கொள்வதில்லை.
ஆபீஸில் ஜெஸிந்தா என் இடுப்பைக் கட்டிப்பிடித்து
தன் இரண்டு கையும் சந்தித்துக்கொண்டதை
எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.
கல்யாண மோதிரம் கழன்று கழன்று
ஒருநாள் கழிப்பறையோடு போயிற்று.
அழவில்லை.
ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

பசி போய்விட்டது.
பசிக்கிற நேரம் போகவில்லை,
இதை யாரும் சொல்லவில்லை.
இரண்டு மணிக்கு முழிப்பு வரும்,
கால் தானாகச் சமையலறைக்கு நடக்கும்,
கை தானாகக் கதவைத் திறக்கும்.
ஒரு ஸ்பூன் தயிர். அதற்கே நெஞ்சடைக்கும்.
விடிய இன்னும் மூன்றரை மணி நேரம்,
கட்டடம் முழுக்க ஏசி உறுமிக்கொண்டிருக்க
வாய் மட்டும்
விசா முடிந்த ஆள் மாதிரி
உட்கார்ந்திருக்கும்.

முதல் கிளாஸ் கல்யாண நாளில்.
இன்பராஜ்தான் ஊற்றினான்.
'ஒண்ணுதானே, வெயிட் போடாது.'
போடவில்லை.
வயிற்றில் தங்கக்கூட இல்லை அது,
நேராக நெற்றிக்கு ஏறி
யாரோ உள்ளே தடவித் தடவி
சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தார்கள்.
பன்னிரண்டு வருஷம்
குபூஸுக்குள் நான் தேடிய சுவிட்ச்.

எல்லை தாண்டினால் அஜ்மான்.
கண்ணாடி கறுத்த கடை, பெயர்ப்பலகை கிடையாது.
ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை கேட்டு வாங்குவேன்.
வோட்கா மணக்காது என்பார்கள்.
மணக்கும்.

அக்கவுன்ட்ஸில் பதினான்கு வருஷம் இருக்கிறேன்.
ஒரு தலைப்பில் இருப்பதை
இன்னொரு தலைப்பில் மாற்றி எழுதினால்
முதல் பக்கம் சுத்தமாகத் தெரியும்.
கடைசியில் கூட்டினால் அதே தொகை.

காலி பாட்டில்களை
பழைய நைட்டியில் சுற்றி ஹேண்ட்பேக்கில் போட்டு
இரண்டு தெரு தள்ளிக் குப்பைத் தொட்டியில்.
நைட்டிகளுக்குப் பஞ்சமில்லை,
எல்லாம் அந்தப் பெரிய உடம்புக்குத் தைத்தவை.
வாட்ச்மேன் ஷஃபிக்குல்
ஒருநாள் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.
பிறகு என் முகத்தைப் பார்த்து
கையை எடுத்துக்கொண்டார்.

செக்கப்பில் டாக்டர்
வைட்டமின் கேட்டார், புரோட்டீன் கேட்டார்,
கடைசியாக, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, அதையும் கேட்டார்.
'எப்பவாவது.'
தட்டச்சு செய்துகொண்டார்.

நேற்று பூச்சி மருந்து அடிக்க ஆள் வருவதாக இருந்தது.
சமையலறையைக் காலி செய்ய
நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள்
இன்பராஜ் அரிசி மூட்டையை நகர்த்திவிட்டான்.
கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்,
எந்தக் காலத்திலோ நான் மறந்தது,
எறும்புகூடக் கைவிட்டது.

'மறுபடி ஆரம்பிச்சுட்டியா?'

ஆமாம் என்றேன்.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது
அந்தப் பழைய குற்றத்தை ஒப்புக்கொள்ள.
அழுகைகூட வந்தது, நிஜமாகவே.
அவன் தலையைத் தடவினான்.
'பரவாயில்ல, சேர்ந்து சரிபண்ணலாம்' என்றான்.

ராத்திரி அவனுக்குச் சோறு வைக்க
மூட்டைக்குள் கை விட்டு அரிசி அளந்தேன்.
டம்ளர் கண்ணாடியில் பட்டது.

'என்ன சத்தம்?' ஹாலிலிருந்து.

'கல்லு' என்றேன்.
'இந்த மூட்டைல ஒரே கல்லு.'