கணக்கு நேர்

அஸ்ஸென் நீதிமன்றத்தில் வியாழக்கிழமை
பதினோரு நிமிடத்தில் முடிந்தது.
வீடு எனக்கு. படகு விற்பனைக்கு.
படகோடு கிடந்த கயிறுகளைப் பற்றி
வழக்கறிஞர் ஹெய்ட்ஸ்மாவின் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே இன்று, க்ரோவ் படகுத்துறையில்,
ஏரியின் ஓரம் உறைந்து நொறுங்கும் குளிரில்
நானும் ஹில்கேயும் கயிறு பிரித்துக்கொண்டிருக்கிறோம்.
"உன் தொழில்தானே" என்கிறான்.
இல்லை. நான் முடிச்சை அவிழ்ப்பவள் அல்ல,
அவிழாது என்று நிரூபிப்பவள்.

அவிழ்க்கப் பொறுமை போதும்.
அவிழாது என்று சொல்ல
இழுத்தாலும் முறுக்கினாலும் மிதித்தாலும்
மாறாத ஏதாவது வேண்டும். ஓர் எண்,
ஒரு பல்லுறுப்புக்கோவை,
மூன்று நிறம் பூசிப் பார்க்கும் பிள்ளை விளையாட்டாவது.
அதற்கும் முன்னால் இரண்டு முனையையும் ஒட்டிவிட வேண்டும்.
முனை திறந்த கயிற்றில் முடிச்சே கிடையாது,
வெறும் சிக்கல்தான் என்பேன்.
முதலாண்டுப் பிள்ளைகள் முறைப்பார்கள்.

அவன் கயிறு வேறு.
டுவிங்கலோ புதர்வெளியில், செம்மறிகள் ஒதுங்கும்
பெரிய இரும்புக் கிண்ணத்தின் அடியில்
விடிய விடிய உட்கார்ந்து
இருபத்தொரு சென்டிமீட்டர் அலையில்
ஹைட்ரஜனைக் கேட்பான்.
என்றோ வெடித்துச் செத்த நட்சத்திரம் விட்ட உதை
நூறு ஒளியாண்டுச் சுழலாகி,
அது உடைந்து பத்தாகி, ஒன்றாகி, அதனினும் பொடியாகி,
கடைசியில் யாருக்கும் உறைக்காத சூடாக அடங்கும்.
அந்த வாயுவுக்குள் காந்தக் கோடுகள்,
பிசையும் மாவில் விழுந்த தலைமுடி மாதிரி,
போகிற பக்கமெல்லாம் இழுபடும்,
ஒன்றையொன்று சுற்றும்.
"எத்தனை சுற்று என்று எண்ணினால் உன் எண்தான் வருகிறது"
என்று ரயிலில், பிஸ்கட் உறையின் உட்புறத்தில்
வரைந்து காட்டினான். பத்தொன்பது வருடமாகிறது.
அந்த உறைக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று
யாரிடமும் சொன்னதில்லை.

கோடுகள் அறும். அறுந்து வேறொன்றோடு ஒட்டும்.
ஒட்டும் இடத்தில் வாயு சுடும்.
அமைதியான வாயுவில் அதற்கு யுகங்கள் வேண்டும்,
கொந்தளித்தால் சட்டென்று நடந்துவிடும்:
இது ஹில்கேயின் கட்சி.
இதற்காக மாநாடுகளில் குரலை உயர்த்துவான்.
வீட்டில் நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.
அதனால்தான் பதினாறு வருடம் பிடித்தது.

மிச்சம் இரண்டு வளையங்கள். நீலம் அவனது, ஆரஞ்சு என்னது.
ஏதோ ஒரு கோடையில், நான் பேசிக்கொண்டிருக்க,
முனைகளை அவன் கையாலேயே பின்னி மூடியவை.
நீலம் ஒரு முறை தன்மேலேயே புரண்டு
ஆரஞ்சுக்குள் போய்வந்திருக்கிறது.
பலகையில் பரப்பி வைத்து எண்ணினேன்,
மேலே போவது, கீழே போவது,
வலக்கை, இடக்கை.
வரவு இரண்டு. செலவு இரண்டு.

"பூச்சியமா? அப்போ கணக்கு நேர்" என்று இழுத்தான்.
இழுத்தான். நானும் என் பக்கம் இழுத்தேன்.

பூச்சியம் என்றால் பிணைப்பில்லை என்று பொருளல்ல, ஹில்கே.
அந்த எண்ணுக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான்.
இன்னும் கூர்மையான எண்கள் இருக்கின்றன,
அவற்றுக்கு இது தெரியும்.
நீலம் தன்னைத்தானே
ஒரே ஓர் இடத்தில் ஊடுருவிக் கடந்துவிட்டால்
இரண்டும் தனித்தனி. கயிறுகளால் அது ஆகாது.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"அறுக்கத்தான் வேண்டும்" என்றேன்.
"எதை?"
"எதை அறுத்தாலும் ஒன்றுதான்.
இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். அதற்கும் நிரூபணம் உண்டு."

தன்னுடையதையே அறுத்தான்.
வெட்டிய நைலான் பிரிபிரியாக வந்தது.
சுட்டு உருக்கினால்தான் முனை நிற்கும்,
எதனால் சுடுவது என்று பைகளைத் துழாவினான்.

என் கோட்டுப் பையிலிருந்து லைட்டரை எடுத்து நீட்டினேன்.
சிகரெட்டை விட்டு ஆறு வருடம் என்று
அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.