ஐந்து நிமிடம்

கோரிப்பாளையம் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
மாடிப்படிக்குக் கீழே மூன்று சர்வர்.
மூன்றும் பழசு. ஒன்று இருமுகிறது.

சதக்கத்துல்லா இரண்டு கொட்டேஷன் அனுப்பியிருந்தான்.
ஒன்று: எல்லா வட்டும் ஒரே பெட்டியில்,
மூன்று சர்வரும் அதில் கைநனைக்கும்.
அந்தப் பெட்டி படுத்தால்
மூன்றும் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: எதை எழுதினாலும் மூன்று இடத்தில்.
ஒன்று செத்தால்
மற்ற இரண்டும் பேசி முடித்துக்கொள்ளும்.
அதற்கு வேகமான ஸ்விட்ச் வேண்டும்.
விலையைப் பார்த்து
டாக்டர் பரிமளம் கண்ணாடியைக் கழற்றினார்.

மூன்றாவது வழி நான் சொன்னது.
அவரவர் வட்டு அவரவரிடம்;
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
பக்கத்துப் பெட்டிக்கு ஒரு நகல்.
செலவு ஆறு எஸ்எஸ்டி, ஒரு யூபிஎஸ் பேட்டரி.

"அந்த அஞ்சு நிமிசம்?"

போனால் போனதுதான் என்றேன்.

மறுநாள் ஏழேகாலுக்கு வரவேற்பில் உட்கார்ந்து
ஐந்து நிமிடத்தை எண்ணினேன்.
பதினொரு குழாய்.
ஒத்தக்கடைக்காரருக்கு மறுபடி சர்க்கரை.
காய்ச்சலில் சுருண்ட பிள்ளைக்குத் தட்டணு
முப்பத்தெட்டாயிரம்.

டாக்டர் ஸ்விட்ச் வாங்கவில்லை.
தெற்கு மாசி வீதிக்கு ஆளனுப்பி
கோடு போட்ட நோட்டு ஒரு டஜன் வாங்கினார்.
குழாய் எண், பெயர், நேரம், அளவு.
கையால் எழுதிவிட்டுத்தான் தட்டச்சு.

ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே,
இருமுகிற சர்வரின் ப்ளக்கைப் பிடுங்கினேன்.
பக்கத்துப் பெட்டியில் எல்லாம் எழுந்து வந்தது,
நாலு பேர் குறைவாக.

ஷகிலா நோட்டைப் பிரித்து
நாலு பேரையும்
பெயர் சொல்லிச் சொல்லி
உள்ளே ஏற்றினாள்.