சாலை நடுவில் திறந்த கதவு

எங்கள் பேருந்து ஒரு போரிலிருந்து வந்தது.
ஜப்பான்காரனைத் துரத்த வந்தவர்கள்
வீடு திரும்பும் அவசரத்தில்
சேற்றில் விட்டுப்போன ராணுவ லாரி.
அதன் முதுகில் தேக்குப் பலகை அறைந்து
பச்சை வர்ணம் பூசி
இடப்பக்கம் ஒரு வாசல் வெட்டினார்
ஓட்டுநர் ஊ பா கெட்டின் மாமனார்.
வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகும்
அவன் காட்டிய இடது ஓரமாகவே ஓடினோம்.
யாருக்கும் அது உறுத்தவில்லை.

நான் நடத்துநர். பெயர் டுன் யீ.
பிழைப்பு வாயில்:
நிறுத்தத்தின் பெயரைக் கூவ வேண்டும்,
வாசற்பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு,
பிறகு “ஸ்வே!”
இழு, போகலாம் என்று அர்த்தம்.

எழுபதாம் ஆண்டு, டிசம்பரில் ஒரு ஞாயிறு,
நாடு வலப்பக்கம் மாறியது.
சோதிடர் சொன்னாராம் என்றது ஒரு தேநீர்க்கடை.
கனவு வந்ததாம் என்றது எதிர்க்கடை.
ஊ பா கெட் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார்.
அது இருந்த இடத்திலேயே இருந்தது.
வாசலும்தான்.
ஆக அன்று முதல்
ஓட்டுநர் நடைபாதையின் மடியில்,
பயணிகள் நட்ட நடுச் சாலையில்.

இறங்குகிறவர்களைத் தோள்பிடித்து நிறுத்துவேன்.
“பொறுங்கள், அந்த லாரி போகட்டும்.”
கருவாட்டுக் கூடை, பள்ளிப் பை,
பிக்குவின் கரிய பாத்திரம்,
எல்லாம் ஒற்றைக் காலில் காத்து நிற்கும்.
மொஹிங்கா விற்கும் டோ சா யின் மட்டும்
ஒருநாள் உரக்கக் கேட்டாள்:
“ஆணை போட்டவர் எந்தப் பேருந்தில் போகிறார்?”
வண்டி முழுக்கச் சன்னலுக்கு வெளியே பார்த்தது.

எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை.
காலையில் வாங்கிய எழுபத்தைந்து சாட் நோட்டு
மதியத்தில் காகிதம்.
என் தோல்பையில் அன்றைய வசூல்;
அதில் மகளுக்கு ஒரு படகு செய்தேன்.
மிதந்தது.

அடுத்த மார்ச்.
இன்யா ஏரிக்கரையில் மாணவர்களை
நீருக்குள் விரட்டினார்கள் என்றார்கள்.
மறுநாளும் அந்த வழிதான் எங்கள் தடம்.
மழையே இல்லாத மாதத்தில்
தரை ஈரமாக இருந்தது.
அந்த நிறுத்தத்தின் பெயர் வெள்ளைப் பாலம்.
பதினெட்டு வருடம் கூவிய பெயர்.
பின்னிருக்கையில் ஒரு பெண்
தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்:
சிவப்பு.
வாயைத் திறந்தேன்.
இரண்டில் எதுவும் வரவில்லை.
பலகையை இரண்டு முறை தட்டினேன்.
இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள்.
அந்த இடத்தில் அதன்பின் நான் கூவியதே இல்லை.

பெயர்களையும் மாற்றினார்கள், அதற்கும் அடுத்த ஆண்டு.
ரங்கூன் இனி யாங்கோன், பெகு இனி பகோ.
சிரிப்பு வந்தது.
நாங்கள் என்றுமே யாங்கோன் என்றுதான் சொன்னோம்.
மாறியது அயலாரின் நாக்கு.
எனக்கு வேலை வைக்காத ஆணை அது ஒன்றுதான்.
பிறகொரு விடியலில் தலைநகரமே லாரியேறி
வடக்கே போய்விட்டது.
அதற்கு நான் சீட்டுக் கிழிக்கவில்லை.

பேருந்தை உடைத்து விற்றபோது
வாசற்பலகையை மட்டும் கேட்டு வாங்கினேன்.
சமையலறையில் மீன்சாறுப் புட்டிகளைச் சுமக்கிறது.
நடுவில் என் உள்ளங்கை அளவு ஒரு பள்ளம்.

எழுபத்திரண்டு வயதில் மறுபடி ஒரு பிப்ரவரி.
ரேடியோ மறுபடி ராணுவ நடை.
இரவு எட்டு மணிக்கு
தெரு முழுக்கச் சட்டிகள் அதிர்ந்தன;
கெட்டதை விரட்ட
வருடப்பிறப்புக்குத் தட்டுவோமே, அப்படி.
எங்கள் வீட்டில் ஒரே சட்டி,
அதில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.
புட்டிகளை இறக்கி வைத்துவிட்டு
பலகையைச் சன்னலுக்குத் தூக்கி வந்தேன்.
இரண்டு தட்டு.
இடைவெளி.
இரண்டு தட்டு.

எதிர்க் கட்டடத்தின் இருட்டிலிருந்து
முகம் தெரியாத ஒரு கிழட்டுக் குரல்,
எந்தக் காலத்துப் பயணியோ,
“ஸ்வே!” என்றது.