காத்திரு என்றொரு கட்டளை

சாங்கி பிசினஸ் பார்க், ஏழாம் மாடி.
இரவு பதினொன்றரை. ஏசியை நிறுத்திவிட்டார்கள்.
திரையில் நான் வரைந்த படம்:
ஒரு கன்டெய்னர் இறால் கரையேற
யார் யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று
கட்டங்களும் அம்புகளும்.

சுங்கத்தைக் கூப்பிடு. வங்கியைக் கூப்பிடு.
இருவரும் பதில் சொல்லும்வரை நில்.
பிறகு துவாஸ் குளிர்கிடங்கு.
ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது.
வங்கி தேதியை முன்னால் எழுதும்,
சுங்கம் வருடத்தை.
நடுவில் நான், கல்யாணத் தரகர் மாதிரி,
இந்த வீட்டுக் கோபத்தை
அந்த வீட்டுக்கு மரியாதையாக மாற்றிச் சொல்கிறேன்.

பதினோராயிரத்து நாற்பத்திரண்டு மட்டும்
மூன்று நாளாக ஒரே கட்டத்தில் நிற்கிறது.
பிழை இல்லை. சிவப்பு இல்லை.
காத்திரு என்றேன், காத்திருக்கிறது.
எவ்வளவு நேரம் என்று சொல்ல மறந்தவள் நான்.

கலைத்துவிடலாம்.
ஆனால் செய்ததைச் செய்யாததாக்க
இந்த மொழியில் சொல் கிடையாது.
ஈடுசெய் என்றுதான் உண்டு.
போன பணம் போனதுதான்;
அதே வழியில் இன்னொரு பணம் திரும்பி வரும்,
இரண்டு வரியும் கணக்கில் கிடக்கும்.
வெள்ளிக்கிழமை ஹுய் மின்னிடம் கத்திவிட்டு
திங்கட்கிழமை அவள் மேசையில் நான் வைத்த
கோப்பி போல.

கிடங்குக்கு ஃபோன் போட்டேன்.
உங்கள் சர்வர் பதில் தரவில்லையே, என்றேன்.
"சர்வரா?" என்றது ஒரு குரல், தமிழில்.
"அது ஸுல்கிஃப்லி பார்க்கிற வேலை.
லீவு. பெண் குழந்தை பிறந்திருக்கு."

நான்கு வருடம்.
சராசரி ஆறு நிமிடத்தில் பதில் தந்த சேவை.
மந்தமான இயந்திரம், மாற்றப் பரிந்துரைக்கிறேன் என்று
அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
ஆறு நிமிடத்துக்குள் அவர்
செய்தியை வாசித்து, ஜாக்கெட் மாட்டி,
உறைபனிக்குள் நடந்து, பெட்டிகளை எண்ணி,
கையுறை கழற்றி
ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

"நான் எண்ணிச் சொல்லவா அக்கா?"
கதவின் ரப்பர் பிரியும் சத்தம்.
பூட்ஸ் காலடி தூரமாகிறது.
ஃபோனைக் காதில் வைத்தபடி
கட்டத்துக்குள் நானும் நிற்கிறேன்.

திரும்பி வந்தார், மூச்சு வாங்க.
"ஒரு பெட்டி குறையுது."

அதற்கு நான்
அம்பு எதுவும் வரையவில்லை.