இரண்டாவது பட்டியல்

காலை ஆறு நாற்பதுக்கு மகள் பிறந்தாள்.
பத்து மணிக்கு நான் புறக்கோட்டையில் நின்றேன்,
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்
நிரூபா எழுதித் தந்த பட்டியலோடு.
சேலைன் ஏறும் கையால் எழுதியது.
வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிந்திருந்தன.

மற்றவர்கள் ஏழாம் மாதமே வாங்கி வைப்பார்கள்.
நாங்களும் ஒருமுறை அப்படித்தான்.
இந்த முறை வாட்டுக்குக் கேட்ட துணியைக்கூட
அவளின் தங்கையிடம் இரவல் வாங்கிப் போனோம்.

குவாரி வீதியில் ஆணி, பிணைச்சல், குழாய்
எண்ணி எழுதுவது என் வேலை.
எந்தச் சாமானுக்கும் அளவு கேட்கத் தெரியும்.
கெய்சர் வீதிக் கடையில்
பால்போத்தல் சூப்பியே நாலு அளவில் தொங்கியது.

"புள்ளைக்கு எத்தின மாசம்?"
"மூன்று மணித்தியாலம் இருபது நிமிஷம்."
கடைப்பெண் சிரிக்கவில்லை.
பஸ்மியா என்று சட்டையில் குத்தியிருந்தது.
பட்டியலை வாங்கி ஒருமுறை படித்தாள்,
பணப்பெட்டியடியில் இருந்த முதலாளியை ஒருமுறை பார்த்தாள்.

அவர் போனுக்குள் குனியும்போதெல்லாம்
நான் எடுத்த ஒன்று திரும்பவும் தட்டுக்குப் போனது.

"பவுடர் வாணாம், மூச்சோட உள்ள போகும்.
தலகாணி வாணாம், தொட்டில சுத்திக் கட்டுற மெத்தையும் வாணாம்.
இந்தச் சப்பாத்து வடிவுதான்.
நடக்காத காலுக்கு என்னத்துக்கு?"

பால் சூடாக்கும் மெசினை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சிவப்பு விளக்கெல்லாம் எரிந்தது அதில்.
"சுடுதண்ணிக் கோப்ப இருக்குதானே வீட்டில?
எனக்கு ரெட்டப் புள்ள. எல்லாத்தையும்
வாங்கிப் பாத்துட்டுத்தான் சொல்றன்."

பாம்பர்ஸ் ஒரே ஒரு பைக்கற்.
"இந்த அளவு பத்து நாள்ல பத்தாமப் போகும்."
நப்பித்துணி மட்டும் இரண்டு டசின்.
"மழை தொடங்கினா ஒண்டும் காயாது.
கையால பாக்க வாணாம், கன்னத்துல வச்சிப் பாருங்க."

சனம் இடித்துக்கொண்டு போகும் கெய்சர் வீதியைப் பார்த்தபடி
ஒரு துணியைக் கன்னத்தில் வைத்தேன்.
இரவு முழுக்க வாட்டு வாசலில் வளர்ந்த தாடி
நூலைப் பிடித்து இழுத்தது.
அப்போதுதான் எனக்கு விளங்கியது,
இன்றைக்குச் சவரம் எடுக்கவேண்டும்.

நகவெட்டி. டெமோமீற்றர். மூடியுள்ள வாளி.
பிறகு பட்டியலின் அடிவரியில் விரலை வைத்தாள்.
"பேசின். எழுதி வெட்டியிருக்கே,
இது வேணுமா, வாணாமா?"

கையிருப்பில் உள்ளதையும் தேவையில்லாததையும்
ஒரே கோட்டால் வெட்டாதே என்று
கடைப் பையன்களை ஏசுகிறவன் நான்.

கொட்டாஞ்சேனையில், நாலாம் மாடியில்,
அலுமாரிக்கு மேலே
கட்டில் விரிப்பால் சுற்றி இருக்கிறது அது.
மஞ்சள். அடியில் வாத்துப் படம்.
இரண்டு வருஷத்துக்கு முன் முதல் பட்டியலில் முதலாவது.
எட்டாம் மாதம் வெறுங்கையோடு திரும்பிய அன்று
நான்தான் மேலே ஏற்றினேன்.
ஐப்பசியில் கூரை ஒழுகி
அலுமாரியை இழுத்து நகர்த்தியபோதும்
இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இருக்கிறது என்று வெட்டினாளா?
வேண்டாம் என்று வெட்டினாளா?

பஸ்மியா காத்துக்கொண்டிருந்தாள்.
முதலாளி தலை நிமிர்ந்தார்.
"இருக்கு" என்றேன்.
கணக்குப்பிள்ளையின் குரலில்தான் சொன்னேன்.

ஓட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தேன்.
ஒரு மணிக்குத் தண்ணி நிற்கும் முன்
கதிரை வைத்து ஏறி இறக்கினேன்.
விரிப்பு தூசு. உள்ளே தூசு இல்லை.
விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது, பழைய விலை,
இப்போதையதில் பாதி.
நகத்தால் சுரண்ட, பசை மட்டும் நின்றது.
தேங்காயெண்ணெய் போட்டு அதையும் எடுத்தேன்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும் பல்கனியில்
கவிழ்த்து வைத்துவிட்டு
சவரம் எடுக்க மறந்து ஓடினேன்.

ஐந்து மணிக்கு வாட்டில்
பைகளைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாய்த் தொட்டாள்.
துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்,
யாரும் சொல்லாமலே.
கடைசியில், என்னைப் பார்க்காமல்,
"பேசின்?"

"கழுவி பல்கனியில் வைத்திருக்கிறேன்."

மகளின் தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டாள்.
கொஞ்ச நேரம் எடுத்தது.

"வெயிலிலயோ வைச்சனீங்கள்?
வெடிச்சுப் போகும்.
போனவுடன உள்ளுக்கு எடுத்து வையுங்கோ."